இடுப்பு உயரத்தில் ஒரு கீரைத் தோட்டம்

மூட்டு மாற்றும் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, டாக்டர் கொடுத்த தாளை என் மருமகள் வாசித்துச் சொன்னாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைப் பிழைக்க விட்டவள். தரையில் உட்காரக் கூடாது, குத்த வைக்கக் கூடாது, குனிந்து மண் கொத்தக் கூடாது என்று அந்தத் தாளில் இருந்தது.

"அதுக்கு என் கால வெட்டி அவருட்டயே குடுத்துட்டு வந்திருக்கலாமே மக்கா" என்றேன்.

குவைத்தில் இருக்கும் என் மகன் போனில் முகத்தைக் காட்டினான். "எம்மா, இனி புறவாசல்ல ஒனக்கு வேல கெடையாது. நம்ம சபை அறுப்புப் பண்டிகைக்கு லீவுல வருகேன். வந்த உடனே பின்னால பூராவும் இன்டர்லாக் கல்லு போட்டுருவோம். நல்லா சுத்தமா கெடக்கும். நீ சேரப் போட்டு காத்தாட இருக்கலாம்."

கல் போடுகிற ஆளிடம் பேசியும் விட்டானாம். கல்யாணமாகி வந்த நாள் முதல் நான் கீரை விதைத்த இடம் அது. அந்த மண்ணை மூடி, அதன்மேல் என்னை நாற்காலியில் வைத்தால் எனக்கும் பூந்தொட்டிக்கும் என்ன வித்தியாசம்? பூந்தொட்டிக்காவது தண்ணீர் ஊற்றுவார்கள்.

அந்த மாதம் எங்கள் மகளிர் குழுவில் ஒரு வகுப்பு நடந்தது. வந்த பெண் ஒரு படம் காட்டினாள். கீழே மீன் தொட்டி, அதன்மேல் ஜல்லி நிறைந்த இன்னொரு தொட்டி. மீன் தண்ணீரைச் சின்ன மோட்டார் மேலே ஏற்றும். ஜல்லியில் நிற்கிற செடி அதிலுள்ள சத்தை எடுத்துக்கொள்ளும். தெளிந்த தண்ணீர் மறுபடி மீனுக்கே இறங்கும். மண்ணே வேண்டாம். மற்றவர்கள் மீன் எத்தனை கிலோ வரும் என்று கேட்டார்கள். படத்தில் ஒருத்தி நிமிர்ந்து நின்றபடி கீரை பறித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முதுகைத்தான் பார்த்தேன்.

"மக்கா, அது எவ்வளவு ஒசரம்?"

"இடுப்பு உயரம் பாட்டி."

எனக்கு அது போதும்.

மகனிடம் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு ஒரு பந்தயம் வைத்தான். "நான் வரும்போது அங்க கீர நின்னா பாப்போம். நாத்தம் நின்னா கல்லுதான்."

பக்கத்துத் தெரு பிளம்பர் பையனைக் கூப்பிட்டு, மொட்டை மாடியில் சும்மா கிடந்த பழைய கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை இறக்கி, மேல்வாயை அகலமாக அறுத்தோம். நீல பேரல் ஒன்றை நீளவாக்கில் பிளந்து, இரண்டு பாதியையும் இரும்புச் சட்டத்தில் வைத்தோம். ஜல்லி போட்டதும் சட்டம் ஒரு பக்கம் மண்ணில் புதைந்து சாய்ந்தது. மறுபடி எல்லாவற்றையும் அள்ளி, காலுக்கடியில் சிமெண்ட் பலகை வைத்து நிமிர்த்தினோம். நான் நாற்காலியில் இருந்தபடி ஹோஸ் பிடித்து ஜல்லியைக் கழுவினேன். ஏழாவது தண்ணீர் தெளிந்து ஓடியது. என் கல்யாணப் பிரியாணி அரிசியைக்கூட அவ்வளவு கழுவியிருக்க மாட்டார்கள்.

பேரல் நிறைந்ததும் தண்ணீர் தானாக மொத்தமும் இறங்கிவிட வேண்டும். அதற்குக் கவிழ்த்த டம்ளர் மாதிரி ஒரு மூடி போட்ட குழாய் உண்டு. பிளம்பர் மூன்று முறை வைத்தும் அது சொட்டுச் சொட்டாகத்தான் விட்டது.

"பாட்டி, இது சரிப்பட்டு வராது."

"ஒனக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

"இல்ல பாட்டி."

"அதான். ஒரு மூடி மூணு தடவ கோவிச்சதுக்கே எந்திச்சுப் போற ஆளு நீ."

நான்காம் முறை மூடியின் அடியில் இருந்த வெட்டைக் கொஞ்சம் பெரிதாக்கினான். தண்ணீர் நிறைந்து, களக்கென்று ஒரு சத்தம் போட்டு, மொத்தமும் இறங்கியது. பிளம்பர் கை தட்டினான். நானும் தட்டினேன்.

மீன் வாங்கக் கிளம்பினால் மருமகள் மறித்தாள். "மீன் கழிவு மீனுக்கே விஷம் மாமி. ஜல்லியில ஒரு வகக் கிருமி வளந்தாத்தான் அது செடிக்கு உரமாவும். தானா வளர ஒரு மாசத்துக்கு மேல ஆவும்."

"பாலு தானா தயிராவுமா? உற ஊத்தாண்டாமா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு போனில் எதையோ தேடி வாசித்துவிட்டு, "நீங்க சொல்லுகது சரிதான் மாமி" என்றாள். டீச்சர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் மார்க்கு அது.

பூதப்பாண்டிப் பக்கம் ஒருவர் இதே மாதிரித் தொட்டி வைத்திருப்பதாக வகுப்புப் பெண் சொன்னாள். நானும் மருமகளும் போனோம். அவர் தன் தொட்டியிலிருந்து உறைக்கு அரைச்சாக்கு ஈர ஜல்லி அள்ளித் தந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்ன பாட்டி இது?"

"கல்லு."

"நம்ம ஊர்ல கெடைக்காத கல்லா?"

"இது படிச்ச கல்லு மக்கா. நம்ம ஊர்ல உள்ளதுக்குச் சொல்லிக் குடுக்கப் போவுகு."

அந்த ஜல்லியை எங்கள் ஜல்லியோடு கலந்தோம். இரண்டு வாரம் கழித்து விரல் நீளத்தில் நாற்பது ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள் வந்தன. மேலே தண்டங்கீரை, பொன்னாங்கண்ணி, நாலு மிளகாய்ச் செடி வைத்தோம். ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காகப் போனது. என் கை சும்மா இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும்.

மருமகள் மீனுக்குக் காலையில் ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை தீனி போடுவாள். மீன்களோ நான் போகும்போதெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து காட்டும். வாசலில் வருகிற தபால்காரரையே சாப்பிட்டியா என்று கேட்காமல் விடாத வீடு இது. வாயைத் திறந்து கேட்கிறதுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? அவள் பள்ளிக்கூடம் போனதும், மாட்டுக்கு வைக்கிற மாதிரி தேங்காய்ப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரண்டி கரண்டியாகப் போட்டேன். எல்லாம் வயிறாரத் தின்றன. மிச்சம் அடியில் போய்க் கிடந்தது எனக்குத் தெரியவில்லை.

புண்ணாக்குப் போட்ட நாலாம் நாள் தண்ணீர் அரிசி கழுவின கழுநீராக இருந்தது. மீன்கள் மேலே வந்து காற்றுக்கு வாயைப் பிளந்தன. மதிலுக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் மனைவி, எனக்கு மைனி, மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, எங்கியோ எலி செத்துக் கெடக்கு போல?"

"ஒங்க பக்கமிருந்துதான் காத்தடிக்கு மைனி."

அன்றைக்கு ஏழு மீன் செத்தது. பண்டிகைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மருமகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, புண்ணாக்கு ஊறவைத்த வாளியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"மாமி, இது என்னது?"

"பசுவுக்கு வச்சது."

"நம்ம பசுவ வித்து ஒம்பது வருசம் ஆச்சு."

"ஒரு தப்பு பண்ணிட்டேன் மக்கா" என்றேன். எப்போதாவதுதான் என் வாயில் அது வரும். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டியருகே போனாள். அடியில் கிடந்த புண்ணாக்கை வலையால் அள்ளினாள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இறைத்துத் தென்னைக்கு விட்டாள். கிணற்றுத் தண்ணீரை நிரப்பினாள். காற்று கலக்கட்டும் என்று நான் நின்றபடி செம்பில் கோரிக் கோரி உயரத்திலிருந்து ஊற்றினேன். தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினோம். தீனி அடியோடு நிறுத்தம்.

"அவங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றாள் மருமகள். 'அவங்க' என் மகன். அன்றைக்குத்தான் அவள் எந்தக் கட்சி என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு வாரத்தில் தண்ணீர் தெளிந்தது. நாற்றம் போனது. மீதி முப்பத்து மூன்றும் பிழைத்துக்கொண்டன. ஜல்லிக்குள் போன அழுக்கெல்லாம் உரமாகி, கீரை கறுகறுவென்று பேரலுக்கு வெளியே சாய்ந்தது. மிளகாய்ச் செடி பூத்துக் காய்த்தது.

மகன் வந்ததும் பெட்டியை வைத்துவிட்டு நேரே புறவாசலுக்குப் போனான். முதலில் மோந்து பார்த்தான். பிறகு கீரையைத் தொட்டான். "திங்கக்கெழம கல்லு போடுற ஆளு அளக்க வருவான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். நான் போய்த் தொட்டியை இன்னொரு தடவை மோந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பண்டிகை. வீட்டில் விளைந்த முதற்பலனை ஆலயத்தில் வைப்போம். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். நான் ஒரு கட்டுக் கீரையும் ஒரு கிண்ணம் மிளகாயும் கொண்டுபோனேன். வாசலிலேயே மைனி பிடித்துக்கொண்டாள்.

"மண்ணுல வெளையாதத எப்பிடிட்டி முதற்பலன்னு வைப்ப?"

அவள் கையில் ஒரு கூடை முட்டை இருந்தது.

"நீங்க கொண்டு வந்தது எந்த மண்ணுல மொளைச்சது மைனி?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மைனியும் சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

ஏலத்தில் என் கீரைக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஜெயித்தவர் கட்டைத் தூக்கிப் பார்த்து, "வேருல மண்ணே இல்லையே, எங்க வாங்கினது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகன் முன்னால் வந்தான்.

"வாங்கல்ல. எங்கம்மா போட்டது. கீழ மீனு, மேல கீர. தண்ணி அப்பிடியே சுத்தும்."

தண்ணீர் இறங்குகிற விதத்தைத் தப்பாகச் சொன்னான். சட்டத்தைத் தானே நிறுத்தின மாதிரி கையால் அளந்து காட்டினான். திருத்தலாம் என்று நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

மறுநாள் கல் போடுகிறவர் டேப்போடு வந்தார். மகன் அவரை முன்வாசலிலேயே நிறுத்தினான். "முன்னால மட்டும் போதும்ணே. பின்னால எங்கம்மாவுக்கு எடம் வேணும்."

நான் புறவாசலில் நிமிர்ந்து நின்று மிளகாய் பறித்துக்கொண்டிருந்தேன். காதில் விழாத மாதிரி இன்னும் நாலு மிளகாய் பறித்தேன். பிறகு கூப்பிட்டேன்.

"ஏலே மக்கா, அந்த டேப்ப இங்க கொண்டா. ரெண்டாவது தொட்டிக்கு அளக்கணும்."