மீன் காலேஜ் ஈஸியா?

போன சனிக்கிழமை காலை, என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எனக்கு ஒரு பரீட்சை நடந்தது. ஐம்பது தாண்டியவனுக்கு உள்ளங்கை வியர்த்தது என்றால் நம்புவீர்களா?

மகள் ஷைனிக்கு இரண்டு சீட் கிடைத்திருந்தது. சென்னையில் இன்ஜினியரிங், உள்ளூரில் மீன்வளப் படிப்பு. திங்கட்கிழமைக்குள் ஒன்றை உறுதி செய்ய வேண்டும். அவளுக்கு மீன்தான் வேண்டும். எனக்கு...?

நாங்கள் நாசரேத் பக்கத்து வாத்தியார் வம்சம். மருந்து கசக்க வேண்டும், படிப்பு கஷ்டமாக இருக்க வேண்டும் — ஞானஸ்நானத்தோடு சேர்த்து வந்த நம்பிக்கை. எனவே முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலிலேயே விசாரணையைத் தொடங்கினேன்.

இன்ஜினியரிங் படிக்கும் பக்கத்து வீட்டு எட்வின் பெருமூச்சு விட்டான். "எட்டு அரியர் அங்கிள்."

ஆகா, என்ன தரமான கல்லூரி!

மீன்வளம் படிக்கும் மெர்லின், என் மைத்துனர் மகள், "எங்க கிளாஸ்ல எல்லாரும் பாஸ் மாமா" என்றாள். எல்லாரும் பாஸாகிற இடமும் ஒரு காலேஜா?

"மீனைத் தின்னத் தெரிஞ்சா போதும்போல" என்று வாயை விட்டேன்.

"அப்ப எங்க பிராக்டிக்கலை எழுதுங்க மாமா. பாஸானா ஷைனி இன்ஜினியரிங். பெயிலானா மீன். ஏளா ஷைனி, சம்மதமா?"

இத்தனை வருஷம் மீன் தின்றவன் பெயிலாவதாவது! ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமை, மேஜை நிறையத் தட்டுகள். தட்டுக்கு ஒரு மீன், ஒரு கேள்வி. மெர்லின் கரண்டியால் டம்ளரைத் தட்டினால் அடுத்த தட்டுக்கு நகர வேண்டும். மூலையில் ஷைனி கண்ணை மூடி ஜெபம் — பெற்ற தகப்பன் பெயிலாக வேண்டுமென்று!

முதலில் சாளை. பெயர் எழுதினேன். அடுத்து விளைமீன். சபாஷ்! மூன்றாவதில் வந்தது வினை: 'இதன் வயதை எப்படிக் கண்டறிவாய்?' விற்றவரிடம் கேட்டு என்று எழுதினேன். காதுக்குள் இருக்கும் கல்லில் வளையங்களை எண்ண வேண்டுமாம். மீனுக்குக் காதா? டங்! அடுத்த தட்டு: 'இது எதைத் தின்னும்?' இதை யார் தின்பார்கள் என்றல்லவா எனக்குத் தெரியும்... டங்!

"வாயில போட்டா சொல்லிருவேன் மெர்லின்!"

"எக்ஸாம் ஹால்ல பேசக் கூடாது மாமா."

அடுக்களையிலிருந்து மனைவி: "ஏங்க, சீக்கிரம் பெயிலாகுங்க. கொழம்பு வைக்கணும்."

பத்துக்கு மூன்று.

"எப்பா பெயிலு! எப்பா பெயிலு!" ஷைனி போட்ட கூச்சலில் எட்வின் ஓடி வந்தான். "விடுங்க அங்கிள், அடுத்த செமஸ்டர்ல கிளியர் பண்ணிரலாம்." அனுபவஸ்தன்!

"இவ்வளவு கஷ்டத்துல எல்லாரும் எப்படி பாஸாகுதிய?" என்று மெர்லினைக் கேட்டேன்.

"சார் படகுலயே கூட்டிட்டுப் போயிருவாரு மாமா. கையில மீனை வச்சிக்கிட்டே படிச்சிருதோம்."

எத்தனை பேர் பெயிலானார்கள் என்று எண்ணித்தான் நாம் ஒரு கல்லூரிக்குத் தரம் போடுகிறோம். அது படிப்பின் கஷ்டமா, பாடம் நடத்தும் லட்சணமா — யார் கேட்டோம்?

திங்கட்கிழமை சீட்டை உறுதி செய்த கையோடு, ஷைனி தெருவுக்கே மக்ரூன் கொடுத்தாள். வாத்தியார் வம்சத்தில் ஒருவன் பெயிலானதற்கு இனிப்பு வழங்கியது இதுவே முதல் தடவை!