வாலறுந்த புத்தகங்கள்

எந்த ஊர் நடைபாதையில் பழைய புத்தகங்களைக் கண்டாலும், கடைசித் தாள் இருக்கிறதா என்றுதான் முதலில் புரட்டிப் பார்ப்பேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு திருப்பூர், கோழிக்கோடு, புனே என்று அலைந்தும் இந்தப் பழக்கம் போகவில்லை. இது என் தாய்மாமாவிடமிருந்து வந்தது.

மாமா ராஜபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகம் விற்றார். அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் அவருடைய ஒற்றை அறை வீட்டுக்கு வந்துவிட்டோம். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் கடையில் இருப்பேன். மாமாவுக்கு வாய் ஓயாது. டீக்கடைப் பேப்பரைப் படித்துவிட்டு, மந்திரிக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் விளக்குவார். புதுப் படம் இடைவேளைக்குப் பிறகு எந்த இடத்தில் கெட்டுப்போனது என்பார். "புத்தகத்தப் பாராட்டுதவன் வாங்க மாட்டாம்லே. குறை சொல்லுதான் பாரு, அவன்தான் வாங்குவான்" என்று எதிரே நிற்பவர் காதில் விழும்படியே என்னிடம் சொல்வார்.

கடைசிப் பக்கங்கள் கிழிந்த நாவல்களைத் தனியாக அடுக்கியிருந்தார். அவற்றுக்கு வாலறுந்தது என்று பெயர். பாதி விலை. படித்துவிட்டு வந்தால் முடிவை மாமா வாயாலேயே சொல்வார். தெரியாத முடிவுகளை அவரே உண்டாக்குகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் சண்டைக்கு வந்ததில்லை. அவர் சொன்ன கதைகளில் எல்லோருக்கும் கல்யாணம் நடந்தது.

நூல் மில்லில் வேலை பார்த்த ஓர் அக்கா வார லீவில் வந்து வாலறுந்ததாகவே பார்த்து எடுப்பாள். வன்னியம்பட்டிக்காரி. ஆரம்பத்தில் மாமாவை அண்ணாச்சி என்றாள். சில மாதங்களில் அண்ணாச்சி நின்றுபோனது. "பொறவு அந்தப் பிள்ளை என்ன ஆச்சு?" என்று நேராகக் கேட்பாள். வாங்கிய டீ ஆறிப்போகும், முடிவு முடியாது. எனக்கு ஒரு சேவுப் பொட்டலம் வந்துவிடும் என்பதால் எனக்கும் அவளைப் பிடித்திருந்தது.

ஒருநாள் முழுசாக இருந்த நாவல் ஒன்றின் கடைசித் தாளை மாமாவே கிழித்தார்.

"எதுக்கு மாமா கிழிக்கீங்க?"

"வால் இருந்தா இது போவாதுலே."

அந்தத் தாளை நான் வாங்கிப் படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒரு பெண் பையோடு ரயில் நிலையத்தில் காதலனுக்காகக் காத்திருக்கிறாள். அவள் ஏறிய வண்டி நகரும்போது அவன் ஓடிவந்து ஏறிவிடுகிறான். நாவலை அக்கா எடுத்துப்போனாள்.

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் கடை போட்டோம். "தேர் ஓடும்போது எவனும் குனிஞ்சு பாக்க மாட்டான். தேர் நின்னாத்தான் நமக்கு யாவாரம்" என்றார் மாமா. அவர் சொன்னபடியே தேர் திருப்பத்தில் நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த அக்கா வந்தாள். கையில் நாவல் இருந்தது.

"படிச்சிட்டீங்களா?" என்றார் மாமா.

"படிச்சிட்டேன். வீட்ல மாப்பிள்ளை பாத்துட்டாங்க. பட்டாளத்துல இருக்காராம். ஆவணியில வச்சிருவோம்ங்காங்க. நான் இன்னும் சரின்னு சொல்லல."

மந்திரிக்கெல்லாம் பதில் வைத்திருந்த மாமா, நேராக இருந்த அடுக்கை மறுபடி நேராக்கினார்.

"சரி, முடிவைச் சொல்லுங்க. அவன் ஸ்டேஷனுக்கு வந்தானா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் அவள் கொண்டுவந்த சேவுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தேன்.

"வரல" என்றார்.

"ஏனாம்?"

"அவனை நம்பி வீட்ல ரெண்டு பேரு இருந்தாங்க."

"அவங்களோட சேர்ந்தே இருந்திருக்கலாம்ல? அவ ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிருக்க மாட்டா."

"ஒரு ஆளு வருமானம். நாலு வயிறு எப்பிடி நெறையும்?"

"அவளும் மில்லுக்குப் போறவதான்."

"கதையில அப்பிடி எழுதலையே."

"முடிவெல்லாம் நீங்கதான சொல்லுதீங்க" என்றாள் அக்கா. எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அவன் வந்துட்டான். நான் படிச்சேன்."

"ஏலே, சும்மா இரு. அது வேற புத்தகம்."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாவலை வாலறுந்த அடுக்கின் மேல் வைத்தாள். வடம் இழுபட்டு, தேர் நகர்ந்து, கூட்டம் எங்களுக்கு நடுவே புகுந்துகொண்டது. பிறகு அவள் கடைக்கு வரவில்லை.

மாமாவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த ஒரு வருமானத்தில்தான் என்னைப் படிக்க வைத்தார். அந்தப் படிப்பைத்தான் நான் பாதியில் விட்டு ஓடினேன். நான் புனேயில் இருந்தபோது அவர் இறந்தார். செய்தி வந்துசேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

தேரன்று இரவு பஸ்ஸில் ஊர் திரும்பினோம். என்னைப் பொய்யனாக்கிவிட்ட கோபத்தில் நான் மாமாவை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். மாமா சொன்ன இரண்டு பேர் எங்கே வருகிறார்கள் என்று வரிவரியாகத் தேடினேன். ரயில் நிலையத்தில் ஒரு டீக்காரரும் ஒரு போர்ட்டரும் இருந்தார்கள். அவர்களாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மாமா புரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு அம்மாவையும் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்.