தவிட்டுக்கு விற்ற தம்பி

என் தம்பியை எங்கள் அம்மா ஒரு படித் தவிட்டுக்கு விற்றபோது அவனுக்கு வயது இரண்டு மாதம். டாக்டர் போட்ட கணக்குப்படி பார்த்தால் அவன் அன்றைக்கு இன்னும் பிறக்கவே இல்லை.

நிறைமாதம் வரை இருந்துவிட்டு வர வேண்டியவன், ஆறரை மாதத்திலேயே அவசரப்பட்டுப் புறப்பட்டு வந்துவிட்டான். எடை தொள்ளாயிரத்து ஐம்பது கிராம். கடையில் வாங்குகிற ஒரு கிலோ சீனிப் பொட்டலம் அவனைவிடப் பெரிய ஆள். திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஐம்பத்தெட்டு நாள் வைத்திருந்தார்கள். அப்போது எனக்கு ஏழு வயது. ஒரே ஒரு முறை என்னைத் தூக்கி ஜன்னல் வழியாக அவனைக் காட்டினார்கள். சிவப்பாக, தோல் சுருங்கி, மூக்கில் குழாயோடு கிடந்தான். பள்ளிக்கூடத்தில் போய், எங்கள் தம்பியை ஷோகேசில் வைத்திருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவனை நேரே உள்ளே தூக்கிப் போகவில்லை. வாசலில் தானியம் புடைக்கிற சுளகை வைத்து, அதில் துணி விரித்து அவனைப் படுக்கவைத்தார்கள். அடுத்த தெருவிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு படித் தவிட்டோடு வந்தாள். தவிட்டை அம்மாவின் மடியில் கொட்டினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது. இனி அவன் அத்தை பிள்ளை. அத்தை பெற்ற ஐந்தும் கல்லுக் குண்டாக இருந்தன. அந்த வீட்டில் எமனுக்கு வேலையே கிடையாது என்று ஊரில் பெயர். அம்மாவுக்கோ எனக்கும் இவனுக்கும் நடுவில் இரண்டு தங்காமல் போயிருந்தன. அதனால்தான் இந்த ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் வழக்கமாகச் செய்வதுதான். வாங்கிய கையோடு அத்தை பிள்ளையை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்து, “எம் பிள்ளைய நல்லாப் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனாள். தவிட்டை எங்கள் வீட்டு ஆடு தின்றது.

ஆஸ்பத்திரிச் சீட்டில் அவனுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. தவிடன் என்றே கூப்பிட்டோம். நல்ல பெயரைச் சொல்லக்கூடாது, குறைமாதம் என்ற வார்த்தையை வீட்டுக்குள் எடுக்கவே கூடாது, அம்மா வாயால் ‘என் பிள்ளை’ என்று மறந்தும் வரக்கூடாது. இதெல்லாம் சட்டம். எனக்கும் தனியாகப் பாடம் நடந்தது. யார் கேட்டாலும் அத்தை பிள்ளை, பத்து மாதத்துப் பிள்ளை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன். என்னை மட்டும் ஏன் யாருக்கும் விற்கவில்லை என்று எனக்குக் கொஞ்சம் மனக்குறைகூட இருந்தது.

டாக்டர்கள் சொல்லியனுப்பிய சட்டங்கள் வேறு இருந்தன. கை கழுவாமல் பிள்ளையைத் தொடக்கூடாது. அப்பா வாசல் நடையிலேயே வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்துவிட்டார். கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்களைக்கூட முதலில் கையைக் கழுவச் சொன்னதில் இரண்டு குடும்பம் கோபித்துக்கொண்டு போயிற்று. அவன் தூங்கும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துப் பார்த்தே அவனை எத்தனையோ தடவை எழுப்பிவிட்டிருக்கிறேன். சளி பிடித்தால் தொண்டைக் குழியையும் விலா ஓரத்தையும் கவனிக்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது அந்த இடம் உள்ளே குழிந்தால், அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அம்மா என் சட்டையைத் தூக்கி என் விலாவிலேயே விரலை வைத்துக் காட்டித் தந்தாள்.

இத்தனை பேர் இத்தனை பயத்தோடு வளர்க்கிறார்களே என்ற மரியாதை அவனுக்குத் துளியும் இல்லை. ஒன்றரை வயதில்தான் நடந்தான், ஆனால் நடந்த மறுவாரமே ஓடினான். இரண்டு வயதில் கம்மஞ்சோற்றைக் கைநிறைய அள்ளித் தின்றான். பருத்திக் குவியலில் ஏறி உருண்டான். ஆட்டின் காதைக் கடித்தான். கன்னம் இரண்டும் உப்பி, தொடையில் மடிப்பு விழுந்து, பார்க்கிறவர்கள் நின்று கிள்ளிவிட்டுப் போகும்படி ஆகிவிட்டான். அம்மாவுக்கு அதுவே பெரிய பயமாகிவிட்டது. இளைத்துக் கிடந்த நாளில் இல்லாத பயம், அவன் தேறத் தேற ஏறிக்கொண்டே போயிற்று.

தெருவில் யாராவது, “உம் மவன் நல்லாத் தேறிட்டானே” என்றால் போதும். அம்மா முகம் வெளிறிவிடும்.

“எம் மவனா? அது எங்க மதினி பிள்ளைல்லா. நான் சும்மா சோறு ஊட்டி விடுதேன்.”

கேட்டவர்களுக்கும் உண்மை தெரியும். சிரித்துக்கொண்டே போவார்கள். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை இதைச் சொல்லுவாள். யாரும் கேட்காதபோதும், அவனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது, “நீ எம் பிள்ள இல்ல, கேட்டியா” என்று அவனிடமே மெதுவாகச் சொல்லுவாள். அவன் அவள் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டு கேட்டுக்கொள்வான்.

அந்த வருஷம் ஐப்பசியில் அம்மா மறுபடியும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போக ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ரோட்டோரத்தில் இருந்தது. அம்மா கட்டை அடுக்கப் போனாள், மருந்தில் முக்குவதற்குக் குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்குகிற வேலை. தவிடனைப் பகலில் அத்தை பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. முதல் நாள் போகும்போது அம்மா வாசல் வரை போய்விட்டு மூன்று தடவை திரும்பி வந்தாள். நாலாவது நாள், சனிக்கிழமை, விடாமல் மழை. எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. முந்தின நாளே அவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மத்தியானம் அத்தை வீட்டில் அவன் தூங்கி எழுந்தபோது மூச்சில் ஒரு சத்தம் கேட்டது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். விலா ஓரத்தில் லேசாகக் குழி விழுந்து எழுந்தது.

அப்பா விதைப்புக்கு உழுத நிலத்தைப் பார்க்கக் காட்டுக்குப் போயிருந்தார். அத்தை யோசிக்கவில்லை. அவனைச் சேலைக்குள் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டாள். நான் எங்கள் வீட்டுக்கு ஓடி, அரிசிப் பானைக்குள் அம்மா ஒளித்து வைத்திருக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. பஸ் ரோட்டுக்கு ஒன்றரை மைல். மழையில் கரிசல் மண்ணில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பிடி மண் காலோடு வரும். பாதி வழியில் அத்தை செருப்பை உதறி ஓடையில் எறிந்துவிட்டு நடந்தாள். “பயப்படாத ஏட்டி, எங் கைக்கு வந்த பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாது” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லச் சொல்ல அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது.

பஸ் தீப்பெட்டி ஆபீசைத் தாண்டும்போது அத்தை கண்டக்டரைக் கெஞ்சி நிறுத்தச் சொல்லி, ஜன்னல் வழியாக வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். “அண்ணாச்சி, எங்க தம்பி பொண்டாட்டிகிட்டச் சொல்லிரும். பிள்ளைக்கு இழுக்குது, கோவில்பட்டிக்குக் கொண்டு போறோம்!”

ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். நர்ஸ் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு அம்மா யார் என்று கேட்டாள்.

“நாந்தான்” என்றாள் அத்தை.

டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துக்கொண்டே, நிறைமாதமா, பிறந்தபோது எடை எவ்வளவு என்று கேட்டார். நிறைமாதம், மூணேகால் கிலோ, சுகப்பிரசவம் என்று அத்தை தடுமாறாமல் சொன்னாள். அவளைப் பொய்க்காரி என்று சொல்ல மாட்டேன். அது அவளுடைய மூன்றாவது மகனின் கணக்கு. இவனுக்கு உயிரே ஊசலாடும் நேரத்தில், இவன் என் பிள்ளை இல்லை என்று சொன்னால் அதுவே எமனுக்குக் கதவைத் திறந்துவிடுவது ஆகாதா என்று அவள் பயந்திருப்பாள். எனக்கும் அதே பயம்தான்.

“முன்னாடி எங்கயும் வச்சுப் பார்த்திருக்கீங்களா? பழைய சீட்டு எதுவும் இருக்கா?”

இல்லை என்று அத்தை தலையாட்டினாள். டாக்டரம்மா என்னையும் பார்த்தார். நான் மஞ்சள் பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினேன். அந்தச் சீட்டில் அம்மா பெயர் இருந்தது. ஆறரை மாதம் என்று இருந்தது. இரண்டு வருஷமாக எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை நான் பிசகாமல் ஒப்பித்தேன்.

நல்ல சத்தான பிள்ளை, சாதாரணச் சளிதான் என்றார் டாக்டரம்மா. மூன்றேகால் கிலோவில் பிறந்த குண்டுப் பிள்ளையைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். மருந்து கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னார். அத்தை மருந்து வாங்கப் போனாள். பெஞ்சில் அவனை மடியில் வைத்துக்கொண்டு நான் இருந்தேன். ஒரு இடத்தில் ஒரு நிமிஷம் இருக்காதவன், அசையாமல் இருந்தான். பக்கத்தில் ஒருவர் நீட்டிய பிஸ்கட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. சட்டையைத் தூக்கினேன். குழி இப்போது என் கட்டைவிரல் புதைகிற அளவுக்கு விழுந்தது. தொண்டையிலும் விழுந்தது. சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்று எழுந்தேன். கொடுத்தால், இவன் யார் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ பயங்களைப் பார்த்துவிட்டேன், அந்தப் பெஞ்சில் இருந்தது போல ஒன்று வரவில்லை.

அப்போதுதான் அம்மா வந்தாள். முழங்கால் வரை கரிசல் மண், தலையெல்லாம் ஈரம். ஓடி வந்தவள் அவன் சட்டையைத் தூக்கி ஒரு முறை பார்த்தாள்.

“டாக்டரு பாத்தாச்சா? என்னன்னு சொன்னிய?”

“பத்து மாசத்துப் பிள்ளைன்னு அத்த சொல்லிட்டா. நானும் சீட்டக் காட்டலம்மா” என்றேன். அம்மா மெச்சுவாள் என்றுதான் நினைத்தேன்.

அம்மா என் கையிலிருந்து பையைப் பிடுங்கினாள். அவனைத் தூக்கிக்கொண்டு, வரிசையில் நின்றவர்களையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மெதுவாகவே பேசிப் பழகிய என் அம்மாவின் குரல் அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது.

“இது எம் பிள்ளை! நான் பெத்தது! ஆறரை மாசத்துல பெத்தேன் டாக்டரம்மா. தொள்ளாயிரத்து அம்பது கிராம். அம்பத்தெட்டு நாளு பெட்டியில வச்சிருந்தாவ. நுரையீரல் பத்தாதுன்னு சொன்னாவ. எம் பிள்ளையக் காப்பாத்துங்க!”

டாக்டரம்மா சீட்டைப் பார்த்த மறுகணம் எல்லாம் வேகமாக நடந்தது. உள்ளே தூக்கிப் போனார்கள், ஊசி போட்டார்கள், மூக்கில் குழாய் வைத்தார்கள். மருந்துச் சீசாவோடு திரும்பி வந்த அத்தையைப் பார்த்து, அப்படியென்றால் நீங்கள் யார் என்று டாக்டரம்மா கோபமாகக் கேட்டார். “நான் அவன வாங்குனவ” என்று சொல்லிவிட்டு அத்தை அழுதாள். டாக்டரம்மாவுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை.

சாயங்காலம் குழி ஆழம் குறைந்தது. இன்னும் நாலைந்து நாள் இருக்க வேண்டும், ஆனால் பயமில்லை என்றார்கள். அத்தை அப்பாவுக்குச் சொல்ல ஊருக்குப் போனாள். கட்டிலில் அவன் தூங்கினான். அம்மா குனிந்து, அவன் காதில், நெற்றியில், உள்ளங்கால்களில் வாயை வைத்துப் பேசிக்கொண்டே இருந்தாள். எம் பிள்ள, எம் மவன், எம் ராசா என்று ஓயாமல் சொன்னாள். இரண்டு வருஷமாக யாரும் சொல்லாத அவனுடைய நல்ல பெயரைச் சொன்னாள். அடுத்த கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தவறிப்போய் வாயில் வருகிறது, தன்னை மறந்து சொல்கிறாள், இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றி வைத்ததை இவளே கெடுத்துவிடப் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

அவள் ‘நீ எம் பிள்ள இல்ல’ என்று சொன்னதெல்லாம் எமன் காதில் விழட்டும் என்றுதான் என்று நம்பியிருந்தேன். ஒரு நாள் அவன் போய்விட்டால் தாங்கிக்கொள்ள வேண்டுமே என்று அவள் தன் மனசுக்கே அதைச் சொல்லிச் சொல்லிப் பழக்கிக்கொண்டிருந்தாள் என்பதும், அது பழகவே இல்லை என்பதும் எனக்குத் தெரியாது. ஒன்பது வயதில் தெரிந்ததெல்லாம், அம்மாவைப் பேசவிடக்கூடாது என்பதுதான். கட்டிலில் ஏறி, என் இரண்டு கையாலும் அவள் வாயை இறுக மூடினேன். அவள் என் கையைத் தள்ளவில்லை. உள்ளங்கைக்கு அடியில் அவள் உதடுகள் நிற்காமல் அசைந்துகொண்டே இருந்தன. நான் இன்னும் அழுத்திப் பிடித்தேன்.