கால் பாட்டில் என்றார்

மேசை, நாற்காலி, கதவு என்று மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுவது அவர் தொழில். எல்லோருக்கும் அவர் பாலிஷ்காரர்தான். அவர் தேய்த்த மேசையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஆனால் விடிந்ததும் கை நடுங்கும். அதற்காகவே வேலைப் பையில் பஞ்சுக்கும் உப்புத்தாளுக்கும் அடியில் ஒரு பாட்டில் கிடக்கும். இரண்டு மடக்கு உள்ளே போனால் நடுக்கம் நின்றுவிடும். இது மனைவிக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது. அப்பா வேலை அலுப்புக்கு ராத்திரி கொஞ்சம் குடிக்கிறார், அவ்வளவுதான் என்று அவள் நம்பினாள்.

ஒரு வீட்டில் அவர் அலமாரியோடு சரிந்து விழுந்த பிறகு, மகள்தான் குடி நிறுத்தும் ஆஸ்பத்திரிக்குக் கையோடு அழைத்து வந்தாள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க?" என்றார் டாக்டரம்மா.

"என்னைவிட நான் பாலிஷ் போடற மரம்தான் அதிகமா குடிக்கும் டாக்டர்."

மகள் சிரித்துவிட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"குறைச்சுச் சொன்னா மருந்தும் குறைச்சலாத்தான் குடுப்போம். உடம்பு தாங்காது. யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் பக்கத்து நாற்காலியில் இருந்த மகளைப் பார்த்தார்.

"கால் பாட்டில். ராத்திரி மட்டும்."

"அப்படித்தானாம்மா?" என்று மகளுக்கு அப்பால் உட்கார்ந்திருந்த மனைவியைக் கேட்டார் டாக்டரம்மா.

மனைவி நிமிர்ந்தாள். அவர் கண் அவளைக் கெஞ்சியது. பெண் முன்னால் என்னைக் கவிழ்த்துவிடாதே என்றது.

"ஆமாங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் நாள் வீராப்பாக இருந்தார். "பாத்தியா? நெனச்சா நிறுத்திடுவேன்னு சொன்னேன்ல" என்றார். மகள் வரும்போதெல்லாம் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார். மறுநாள் கண்ணே மூடவில்லை. வேர்த்துக் கொட்டியது. அதற்கும் அடுத்த நாள் மகள் உள்ளே நுழைந்தபோது, தலையணை உறையைச் சுருட்டிச் சுவரை வட்டவட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் ரத்தம்.

"அப்பா!"

"கை வைக்காதீங்கம்மா, ஒட்டிக்கும். சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும்" என்றார், யாரோ வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல.

டாக்டரம்மா ஓடி வந்தார். மனைவி டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொய் சொல்லிட்டோம் டாக்டர். காலையில எழுந்ததும் ஆரம்பிச்சுடுவாரு. ஒரு பாட்டில் பத்தாது."

"எத்தனை வருஷமா?" இதைக் கேட்டது மகள்.

"நீ பள்ளிக்கூடம் போறதுக்கு முந்தியே."

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

மனைவி முந்தானையால் அவர் விரல் ரத்தத்தைத் துடைத்தாள்.

மருந்தை மாற்றினார்கள். அடித்துப் போட்டதுபோலத் தூங்கினார். தெளிந்து எழுந்ததும் கட்டுப் போட்ட விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ பாப்பா இங்க இருந்தாளா?"

இல்லை என்ற பொய் மனைவிக்கு வாய் வரைக்கும் வந்தது.

"இருந்தா. நான்தான் எல்லாத்தையும் சொன்னேன்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "நான் எங்கேயும் ஓடிப் போகமாட்டேன். அவங்க சொல்ற வரைக்கும் இங்கயே கிடக்கறேன். அவளை மட்டும் இங்க வரவேண்டாம்னு சொல்லிடு" என்றார்.

"என்னங்க, அவ வெளியிலதான் உக்காந்திருக்கா."

"சொல்லிடு."

வராந்தா பெஞ்சிலிருந்து மகள் எழுந்தாள். "அப்பா என்ன சொன்னாரு?"

அவர் சொன்னதை அப்படியே சொன்னாள் மனைவி. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மகள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பிறகு அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.