ஆணியில் தொங்கிய தம்ளர்

ஏகாம்பரம் இறந்துபோன செய்தி திருப்பதி பஸ்ஸில் வந்தது. அவருடைய மைத்துனர் சித்தூரில் இறங்கி நேரே எங்கள் ஆபீசுக்கு வந்து, "மாமா காலைல பூட்டாருங்க" என்றார். பக்கத்து மேஜைக்காரர் உச்சுக் கொட்டிவிட்டு, "கடைசி வரைக்கும் அந்தச் சொறி அவரை வுடவே இல்ல பாரு" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏகாம்பரத்துக்குச் சொறியே கிடையாது. மூன்று வருஷமாக எனக்கு அது தெரியும். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆந்திர ராஜ்யம் பிரிந்த வருஷம் அவர் புத்தூரிலிருந்து மாற்றலாகி எங்கள் பிரிவுக்கு வந்தார். எந்தக் கிராமத்தில் என்ன பாஷை பேசுகிறார்கள், எது இங்கே இருக்கும், எது மதராசுக்குப் போகும் என்று மேலிடத்திலிருந்து ஓயாமல் பட்டியல் கேட்ட காலம். தமிழையும் தெலுங்கையும் ஒரே அழகோடு எழுதியவர் அவர் ஒருவர்தான். இரண்டாம் வருஷம் உள்ளங்கையில் அரிப்பு ஆரம்பித்தது. பிறகு பாதம், முதுகு. தடிப்பு கிடையாது, கொப்புளம் கிடையாது. அவரே சொறிந்து உண்டாக்கிக்கொண்ட கீறல்கள்தான் இருந்தன.

அரிப்பு என்றால் நம் ஊரில் எல்லோரும் வைத்தியர்கள். வேப்பிலைக் குளியல், கந்தகக் களிம்பு, எல்லாவற்றுக்கும் மேலே கத்தரிக்காய். அரிப்பைக் கிளப்பும் கரப்பான் பண்டம் ஆயிற்றே. "கத்திரிக்கா துன்றத நிறுத்து சாமி, தானா பூடும்" என்று வழியில் போகிறவன்கூடச் சொன்னான். கத்தரிக்காய்க் குழம்பு என்றால் உயிரை விடுகிற மனிதர் இரண்டு வருஷம் அதைத் தொடவில்லை. அரிப்பு நிற்கவில்லை. "திருட்டுத்தனமா துன்னுக்கினு கீறாரோ இன்னாவோ" என்று அதற்கும் ஒரு பேச்சு.

ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் அடுத்து வந்தது. அவர் கையிலிருந்து ஃபைலை யாரும் வாங்க மாட்டார்கள். பெஞ்சில் வைத்துவிட்டுப் போக வேண்டும். தண்ணீர்ப் பானைக்கு மேலே ஆணி அடித்து அவருக்கென்று ஒரு பித்தளைத் தம்ளரை மாட்டினோம். மாட்டினோம் என்ன, மாட்டினேன். ஆணி அடித்தவன் நான்தான்.

ஒரு சனிக்கிழமை, "தொணைக்கு வாய்யா" என்று என்னை வேலூருக்கு அழைத்துப் போனார். டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். "தோல்ல ஒண்ணும் இல்ல. ஈரல் கெட்டுக்கிட்டு வருது. பித்தம் ரத்தத்துல சேர்றதால அரிக்குது. யாருக்கும் ஒட்டாது" என்றார். குடிப்பீர்களா என்று கேட்டார். "காப்பியே ஒரு வேளைதாங்க" என்றார் இவர். குடிக்காதவர்களுக்கும் வரும் என்று டாக்டரே சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் நான் குதித்தேன். "திங்கக்கெழம எல்லார் மூஞ்சியிலயும் கரியைப் பூசறேன் பாருங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்யா. ஈரல்னா சாராயம்னுதான் நெனைப்பான். மதுவிலக்கு ஜில்லா, சர்க்கார் உத்தியோகம். சொறின்னா தள்ளி உக்காருவான். சாராயம்னா வூட்டுக்கு அனுப்பிடுவான். எனக்குத் தள்ளி உக்காந்தா போதும்."

யாரிடமும் சொல்வதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

டாக்டர் கொடுத்த மருந்து பாதி நாள் கேட்டது, பாதி நாள் கேட்கவில்லை. தினமும் காலையில் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வருவார். இடது கையில் ஈரத்துணி, வலது கையில் பேனா. "சொறிஞ்சாலும் நிக்காது, சொறியலன்னாலும் நிக்காது. சொறியாம இருந்தா ஒரு பக்கம் எழுதிடலாம்" என்பார். அப்படித்தான் பக்கம் பக்கமாக நாளைத் தள்ளினார். கத்தரிக்காய் தின்னத் தடையில்லை என்று தெரிந்த பிறகும் ஆபீசில் அதைத் தொடவில்லை, பேச்சு வரும் என்று. எல்லை முடிவானபோது கடைசிப் பட்டியலும் அவர் கையெழுத்தில்தான் போனது. அந்தத் தாளைத் தொடமாட்டேன் என்று எவனும் சொல்லவில்லை.

செய்தி வந்த அன்றே, திருப்பதிக்குப் பக்கத்தில் திருச்சானூரில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். வந்த ஜனமெல்லாம் ஒட்டிக்கொள்ளுமோ என்று உள்ளே போகாமல் வாசலோடு நின்றது. அவர் மனைவி என்னைப் பார்த்ததும், "இனிமே யாரு அவரு வேலையப் புடுங்கப் போறாங்கண்ணா? இன்னா ஒடம்புன்னு எல்லாருக்கும் சொல்லிடுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "படையலுக்குக் கத்திரிக்காதான் செய்யப்போறேன்" என்றார்.

சொல்லிவிட்டேன். ஆனால் என் ஆத்திரம் உங்கள் மேல் மட்டும் இல்லை. அவருக்குக் கொடுத்த வாக்கை மீறாமல், வாயே திறக்காமல், நான் ஒன்று செய்திருக்கலாம். அந்தத் தம்ளரில் ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கலாம். ஒருநாள் அதை எடுக்கவும் போனேன். கை பாதியில் நின்றுவிட்டது. டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவன் நான். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "வுடுய்யா. மனசுக்குத் தெரிஞ்சாலும் கைக்குத் தெரியாது" என்றார்.

ஆணியைப் பிடுங்கிவிட்டேன். தம்ளர் என் மேஜையில் இருக்கிறது. அதில்தான் தண்ணீர் குடிக்கிறேன். "அது ஏகாம்பரத்தோடது ஆச்சே" என்று யாராவது பதறினால், உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்கிறேன். அவர் பார்க்க ஒரு நாள் குடித்திருக்கலாம்.