சொல்லிக்கொள்ளாமல் எழுந்துபோன ஒன்பது நாட்கள்

இந்த ஊரில் கிண்ணத்தை ஆட்டாவிட்டால் கஹ்வா நிற்காது. புஜைராவுக்கு வந்த முதல் மாதத்தில் பக்கத்து வீட்டு அரபு அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டுபோய்க் கம்பளத்தில் உட்காரவைத்தார். உம்மு சயீத் என்பார்கள் அவரை. சயீதின் தாய் என்று அர்த்தம். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூக்கு நீண்ட கூஜாவிலிருந்து கஹ்வாவை, அதுதான் அரபுக் காப்பியை, ஊற்றிக் கொடுத்தார். கிண்ணமென்றால் பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற சங்கு அளவுதான். ஏலக்காய் மணம், சர்க்கரை கிடையாது. குடித்துவிட்டு நீட்டினேன், திரும்ப ஊற்றினார். கொடுத்ததை மிச்சம் வைக்கக்கூடாது என்று வளர்ந்தவள் நான், குடித்தேன். மறுபடி ஊற்றினார். பதினோரு கிண்ணம். கடைசியில் அவருடைய மருமகள் சிரித்துக்கொண்டே வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டிக் காட்டினாள். போதும் என்பதை இங்கே கைதான் சொல்ல வேண்டும். அன்று பூராவும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் கேட்டார், "பதினொன்னா? நீ விருந்துக்குப் போனியா, பந்தயத்துக்குப் போனியா?"

ஊரில் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டாம். நம் பந்தியிலும் இலையை எந்தப் பக்கம் மடிக்கிறோம் என்பதில் நல்லதும் கெட்டதும் இருக்கிறதே, அதை ஓர் அரபு அம்மா எப்படிக் கண்டுபிடிப்பார்? வாயால் சொல்லாமலே சொல்லிவிடுகிற காரியங்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்படி ஒரு காரியத்தை நானே செய்து ஒருத்தியைப் படாத பாடு படுத்தினேன். அதை எழுதிவைக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னியுங்கள் என்று கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் பரமக்குடிப் பக்கம். வீட்டுக்காரர் இங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் வீட்டிலேயே மெஸ் வைத்து, எண்ணெய்த் தொட்டிகள் இருக்கிற பக்கத்துத் தொழிலாளர் கேம்ப் ஆட்களுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். என் ரசத்தைக் குறை சொன்னவன் இந்த ஊரில் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால், உம்மு சயீத் வாடகைக்கு விட்டிருந்த ஓர் ஒற்றை அறையில் வதனி இருந்தாள். முல்லைத்தீவுக்காரி. கடல் வந்து வீட்டைக் கொண்டுபோன பிறகு, புருஷனையும் மகளையும் தன் தாயோடு விட்டுவிட்டு இங்கே பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்கு வந்தவள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் பேசுவாள். அவள் பேசுகிறபோது தெருவில் போகிறவர்களுக்கும் முல்லைத்தீவு நிலவரம் தெரிந்துவிடும், அத்தனை சத்தம். "அவள் போன் இல்லாமலே பேசலாம், அங்க கேட்கும்" என்று ரஹ்மத்து கேலி செய்வாள். ரஹ்மத்து கீழக்கரைப் பெண், அவள் 'மாப்பிள்ளை' என்று சொல்கிற புருஷன் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறார். எங்கள் மூன்று பேரில் அரபு ஒழுங்காகப் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

வன்னியில் சண்டை முற்றிய வருஷம், அந்த போன் நின்றது. முதலில் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பிறகு மணியே அடிக்கவில்லை. அவளுடைய தாய் இறந்துபோனதாக யார் வழியாகவோ ஒரு சேதி வந்தது. மற்ற இருவரைப் பற்றி ஒன்றும் வரவில்லை. சண்டை முடிந்துவிட்டது என்று டிவியில் சொன்ன நாளிலிருந்து வதனி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். மடியில் போன். டியூட்டிக்குப் போகவில்லை, குளிக்கவில்லை. பள்ளிக்கூடத்துத் தலைமை அம்மா நல்லவர், லீவு கொடுத்தார். கிளினிக்குக்கு அழைத்துப்போனோம். டாக்டர் தூங்குவதற்கு மாத்திரை கொடுத்துவிட்டு, "தனியா விடாதீங்க, யாராவது கூடவே இருங்க" என்றார். கேம்ப் ஆள் ஒருவன் சாப்பாடு வாங்க வந்த இடத்தில், "அந்தப் பொம்பளைக்கு மூளை கலங்கிருச்சாம்ல ஆத்தா?" என்று கேட்டான். "உனக்கு இருந்தாத்தானே கலங்கும்? பாத்திரத்தை எடுத்துட்டுப் போ" என்று அனுப்பினேன்.

கூட இருப்பது என்றால் என்ன? அது எனக்குத் தெரிந்த வேலை என்று நினைத்தேன். ஊரில் எத்தனை வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன்! ரஹ்மத்தும் நானும் முறை வைத்துக்கொண்டோம். காலையில் அவள், சாப்பாடு கட்டி அனுப்பிய பிறகு நான். போகும்போது பூ வைத்துக்கொள்ளவில்லை, பொட்டைச் சின்னதாக்கிக்கொண்டேன். உள்ளே போய்ப் பேசாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். கஞ்சி கொண்டுபோவேன். இரண்டு வாய் குடிப்பாள். நேரமானதும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிடுவேன். அதுதானே முறை? துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று யாராவது சொல்வார்களா? மறுபடியும் ஒரு துக்கத்துக்கு வருகிறேன் என்றல்லவா ஆகிவிடும். ரஹ்மத்து தினமும் ஸலாம் சொல்லிவிட்டுப் புறப்படுகிறவள். அவளையும் கண்ணைக் காட்டி நிறுத்தினேன். "அவங்க பக்கமும் நம்ம முறைதான், ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சு வா" என்று கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

ஒன்பது நாள் இப்படி. நாளாக நாளாக வதனி தேறவில்லை. இரண்டு வாய் ஒரு வாயானது. எட்டாம் நாள் கஞ்சிக் கிண்ணத்தைத் தொடவே இல்லை. ஒன்பதாம் நாள் தண்ணீரும் வேண்டாம் என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள். இவள் எங்கள் கையிலேயே போய்விடுவாளோ என்று பயந்துவிட்டேன். வெளியே வெயில் கொளுத்துகிற மாதம்.

அன்றைக்குத்தான் உம்மு சயீத் வந்தார். முகத்தில் இந்த ஊர்ப் பெரிய பெண்கள் கட்டுகிற பொன்னிறப் பட்டைக் கவசம், கையில் கூஜா, பின்னால் பேரீச்சம்பழத் தட்டோடு மருமகள். முறை கிறை ஒன்றும் பார்க்கவில்லை. வதனியின் முன்னால் உட்கார்ந்து, கிண்ணத்தில் ஊற்றி அவள் கையில் திணித்தார். அவள் குடிக்கவில்லை. அதனால் என்ன என்பது போல அவர் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தார். கையை அலை மாதிரி வளைத்துக் காட்டினார், இரண்டு கையையும் அகல விரித்தார், பிறகு வாசலைக் காட்டினார். அவருடைய புருஷன் பெரிய மீன் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்த கதை என்று நினைத்து நான் சிரித்துத் தலையாட்டினேன். ரஹ்மத்து என் தொடையைக் கிள்ளினாள். "சிரிக்காதீங்கக்கா. அவங்க மாப்பிள்ளை கடலுக்குப் போய்த் திரும்பலையாம். படகு மட்டும் வந்துச்சாம். வருவாரு வருவாருன்னு பல வருஷம் வாசக்கதவைத் தாழ்போடாமலே படுத்தாங்களாம்." இத்தனை வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரைப் பற்றி எனக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை.

உம்மு சயீத் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பி வதனியைப் பார்த்துச் சந்தைக்காரி மாதிரி உரக்கச் சொன்னார்: "பாச்சிர்! பாச்சிர்!" நாளைக்கு என்று அர்த்தம். நாளைக்கு வருகிறேன்.

வதனி தலையைத் தூக்கினாள். ஒன்பது நாளில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். நான் வழக்கம்போலப் பேசாமல் எழுந்திருக்கப் போனேன். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போறியள்?"

நான் கண்ணால் வாசலைக் காட்டினேன்.

"சொல்லிப்போட்டுப் போங்கோ அம்மா. அந்த அரபு மனுசிக்குத் தெரியுது, நாளைக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போகுது. நீங்கள் தமிழ்தானே? ஒவ்வொரு நாளும் செத்த வீட்டுக்கு வாற மாதிரி வாறியள், செத்த வீட்டால போற மாதிரிப் போறியள். ஆர் செத்தது? அம்மாவை நான் அழுது முடிச்சிட்டன். என்ர மனுசன் செத்திட்டார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? என்ர பிள்ளை செத்திட்டாள் எண்டு ஆர் சொன்னது? நீங்கள் எழும்பிப் போகேக்க ஒவ்வொரு நாளும் எனக்கு நெஞ்சுக்க ஒரு பிரேதம் போகுது."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ரஹ்மத்து அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, உள்ளதைச் சொல்கிறேன். வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவளையா இப்படிக் கேட்பது! ஆனால் அந்தக் கோபம் நிற்க இடமில்லாமல் போனது. எங்கள் ஊர் முறைக்கு மூன்றாவதாக ஒரு வீடு தெரியாது. நல்ல வீடு உண்டு, துக்க வீடு உண்டு. இரண்டுக்கும் நடுவில், சேதிக்காகக் காத்துக் கிடக்கிற வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மன்னித்துக்கொள் என்று கேட்க வாய் வரவில்லை. எழுந்து வெளியே போனேன். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பி நின்று, உம்மு சயீத் சொன்னதைவிட உரக்கச் சொன்னேன். "வதனி, போயிட்டு வர்றேன்." உள்ளே எட்டிப்பார்த்து மறுபடியும் கத்தினேன். "என்னடி, வீட்டுக்கு வந்தவளை வழியனுப்பத் தெரியாதா உனக்கு? அப்படித்தான் வளர்த்தாங்களா? போயிட்டு வர்றேன்னேன்!"

உள்ளேயிருந்து ஈனசுரத்தில் வந்தது. "ஓம். போட்டு வாங்கோ."

வீட்டுக்கு வந்து பெரிய பொட்டாக வைத்துக்கொண்டேன். மறுநாள் கஞ்சியைத் தூக்கிப்போட்டுவிட்டு மீன் குழம்பு கொண்டுபோனேன். பாதி சாப்பிட்டாள். பாதிக்கு, "புளி கூடிப்போச்சு" என்று குறையும் சொன்னாள். என் குழம்பை! மற்ற யாராக இருந்தாலும் விட்டிருக்கமாட்டேன்.

ஒரே நாளில் அவள் சரியாகிவிட்டாள் என்று எழுதினால் பொய். மாத்திரை தொடர்ந்தது. சில நாள் பழையபடி சுவரைப் பார்த்தாள். தனியாக ஓர் அறையில் வைத்து அவளையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதும் சரியில்லை என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு போன பிறகு, மறுநாள் சமையலுக்குச் சின்ன வெங்காயம் உரிக்க அவளை என் கூடத்துக்கு அழைத்துவந்தேன். ரஹ்மத்து வந்தாள். உம்மு சயீத் கூஜாவோடு வந்தார். உரிக்கத் தெரியாமல் பாதி வெங்காயத்தைத் தோலோடு சேர்த்துக் கீழே போட்டார், நாங்கள் கண்டுகொள்ளவில்லை. யாரும் யாரையும் விசாரிக்க மாட்டோம். சொல்ல வருகிறவர் சொல்லலாம், இல்லையென்றால் உரிக்கலாம். போகும்போது மட்டும் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும், அது ஒன்றுதான் கட்டாயம். தெரிந்து வேறு பெண்களும் வர ஆரம்பித்தார்கள். மூளை கலங்கிவிட்டதா என்று கேட்டானே, அந்த கேம்ப் ஆளும் ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் வந்து நின்றான். வா என்றேன். அவன் பெண்டாட்டி பிரசவத்தில் போய்ச் சேர்ந்தபோது லீவு கிடைக்காமல் இங்கேயே கிடந்தவன் அவன் என்று அன்றுதான் தெரிந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "வெங்காயம் ஆத்தா" என்றான். "ஆமப்பா, இந்த வருஷத்து வெங்காயம் ரொம்பக் காரம்" என்றேன். வதனி அவன் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு, "அப்பிடி இல்ல அண்ணை, அடிப்பக்கத்தால உரிக்க வேணும்" என்று காட்டிக் கொடுத்தாள்.

மாதங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அந்தக் கூடத்தில்தான், அவள் போன் அடித்தது. வவுனியாப் பக்கத்து அகதி முகாமிலிருந்து மகள். யாருடைய போனிலோ பேசினாள். வதனி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து உம்மு சயீதின் மகன் ஓடிவந்துவிட்டார். மகள் இருக்கிறாள். புருஷனைப் பற்றி அவளுக்கும் தெரியவில்லை, கடைசி நாட்களில் கூட்டத்தில் பிரிந்துவிட்டார்களாம். பாதி வாசல் திறந்தது, பாதி தாழ்போடாமல் கிடக்கிறது.

மகளிடம் போவதற்காக அவள் வேலையை விட்டாள். டாக்ஸியில் ஏறும்போது, "போட்டு வாறன் அம்மா" என்றாள். இந்த ஊருக்குத் திரும்ப வரமாட்டாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போயிட்டு வா என்றுதான் சொன்னேன். இப்போது அங்கிருந்து வெள்ளிக்கிழமை வெங்காய நேரம் பார்த்து போன் செய்கிறாள். வைக்கிறேன் என்று சொல்லி வைப்பதில்லை. "வாறன்" என்றுதான் முடிப்பாள்.

வீட்டுக்காரருக்கு வயதாகிவிட்டது, விசா முடிகிறது. பத்து நாளில் நாங்கள் ஊருக்குக் கிளம்புகிறோம். சேதி தெரிந்து போன வாரம் வதனி கேலி செய்தாள். "கவனம் அம்மா. ஒண்டும் சொல்லாமல் எழும்பிப் போயிடாதேங்கோ." நானும் நினைத்துப்பார்க்கிறேன். ஒவ்வொரு லீவு முடிந்தும் பரமக்குடியில் பஸ் ஏறும்போது போயிட்டு வர்றேன் என்றேன். இங்கிருந்து ஊருக்குக் கிளம்பும்போதும் அதையேதான் சொன்னேன். இரண்டு பக்கமும் சொல்லிவைத்தவள், இனி ஒரு பக்கத்துக்குப் பொய்க்காரி ஆகப்போகிறேன்.

நேற்று உம்மு சயீத் வீட்டுக்குப் போனேன். பயணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கூஜாவை எடுத்தார். குடித்துவிட்டு நீட்டினேன், ஊற்றினார். மறுபடி நீட்டினேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்தார்கள், மருமகள் எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள். எத்தனை என்று எண்ணவில்லை. கிண்ணத்தை ஆட்டாமல் நீட்டிக்கொண்டே இருந்தேன். அவரும் ஒன்றும் கேட்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தார்.