ஸ்கேல் வைத்து அளந்த தூரம்

எழுபதுகளின் தொடக்கம். திருப்பூர் நல்லூரில் குடியிருந்தோம். என் கணவர் ஒரு பனியன் கம்பெனி முதலாளிக்காகப் பஞ்சு வாங்க பெல்காம் பக்கம் போயிருந்தார். அங்கே ஜீப் கவிழ்ந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், நிலைமை மோசம் என்று கம்பெனிக்கு டிரங்கால் வந்தது.

என் அண்ணன் உடனே பையை எடுத்துவிட்டான். சாயங்கால ரயிலைப் பிடித்து பெங்களூர் போய், அங்கிருந்து வண்டி மாறுவதாக ஏற்பாடு. கிளம்பும் நேரத்தில் முதலாளியே வீட்டுக்கு வந்தார்.

"ரயில்ல எதுக்கு அம்மிணி அலையறீங்க? காலைல பீளமேட்டுல பிளேன் ஏறுங்க. மேப்புல ஸ்கேல் வெச்சுப் பார்த்துட்டேன். முந்நூத்தி எழுவது மைல்தான். ஒன்னரை மணி நேரத்துல பெல்காம்ல எறங்கிரலாம். டிக்கெட் என் பொறுப்பு."

"நல்லா விசாரிச்சீங்களாங்க?" என்று அண்ணன் கேட்டான்.

"எல்லாம் விசாரிச்சாச்சு."

பெரிய மனிதர் சொல்கிறாரே என்று பையை இறக்கி வைத்தோம். ரயில் போய்விட்டது.

மறுநாள் காலையில் அவர் அனுப்பிய காரில் நானும் அண்ணனும் பீளமேடு விமான நிலையத்துக்குப் போனோம்; இறக்கிவிட்டதும் கார் திரும்பிவிட்டது. நாங்கள் டிக்கெட் கேட்டதும் கவுண்டரில் இருந்தவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

"இங்கிருந்து பெல்காமுக்கு நேர் விமானமே கிடையாதுங்க. பம்பாய் போய் மாறணும். அங்கிருந்தும் தினமும் கிடையாது. இன்னிக்குக் கிளம்பினாலும் பம்பாய்ல காத்துக் கெடக்கணும். இதுக்கு நேத்தே ரயில் ஏறியிருந்தா இந்நேரம் பெங்களூராவது போய்ச் சேர்ந்திருப்பீங்களே. ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேம்மா."

முதலாளியின் மேசை மேல் போன் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் கவுண்டர்க்காரர் தன் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, எங்களைப் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் வழியாக ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்தார். அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கட்டில் காலியாக இருந்தது. முந்தின நாள் ராத்திரி வரைக்கும் நினைவோடுதான் இருந்தாராம். யார் உள்ளே வந்தாலும் தலையைத் திருப்பிப் பார்த்தாராம். நர்ஸ் கன்னடத்தில் சொன்னதை அண்ணன் அரைகுறையாகப் புரிந்துகொண்டு எனக்குச் சொன்னான்.

ஊர் திரும்பிய பிறகு, துக்கம் கேட்க முதலாளி மாலையோடு வீட்டுக்கு வந்தார். கூடத்தில் உறவு முழுக்க உட்கார்ந்திருந்தது. "எல்லாம் விதி அம்மிணி" என்றார்.

அதுவரை அவர் முன்னால் நிமிர்ந்துகூடப் பேசாதவள் நான். எழுந்து நின்றேன்.

"விதி இல்லீங்க. கெளம்புன எங்களை நீங்கதான் நிறுத்துனீங்க. விசாரிச்சேன்னு சொன்னீங்க. யாருகிட்டீங்க விசாரிச்சீங்க?"

அவர் மாலையை யாரிடமோ கொடுத்துவிட்டு வெளியே போனார். "நல்லதுக்குத்தான சொன்னாரு, இப்படிக் கேட்டுட்டியே" என்று என் மாமியார் வீட்டு ஆட்கள் என்னைத்தான் கடிந்தார்கள். நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

'எனக்குத் தெரியாது' என்று சொல்ல ஒரு பெரிய மனிதர் கூச்சப்பட்டதற்கு, என் கணவர் தனியாகச் சாக வேண்டியிருந்தது. வயது எவ்வளவு ஏறினாலும் அந்தக் கோபத்தை மட்டும் நான் ஆறவிடவில்லை.